நடுக்கட்டம் இல்லாத போர்வை

உ
அம்மன் துணை

அயனம்பாக்கம்,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

என் பிரியமுள்ள நாத்தனார் சௌபாக்கியவதி ஜெயப்பிரியாவுக்கு, உன் அண்ணி பூங்காவனம் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணனும் அம்மன் தயவில் சுகமாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி, அதைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டு எனக்குக் காது வலி, மற்றபடி ஒரு குறையும் இல்லை. குன்னூர்க் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாக இருக்க தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

எதையும் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிட்டு ஆரம்பித்தால்தான் எனக்குக் கணக்கு நேராகும். ஆகவே, மனஸ்தாபம் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் பின்னல் ஊசியோடு இருந்தவர்கள்: நான், பின்தெரு மைதிலி, மைதிலி வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டுக் கெங்கம்மாள், ஆவடியில் டாங்கி ஃபாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ரத்தக்கொதிப்புக்கு மருந்தாகப் பின்னக் கற்றுக்கொண்ட அமல்ராஜ் சார், நம் மாடியில் குடியிருந்துகொண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மோகனப்பிரியா. உன் அண்ணன், தான் அங்கே இல்லவே இல்லை என்கிறார். ஆனால் பேப்பருக்குப் பின்னாலிருந்து இரண்டு தரம் சிரித்தார். அதனால் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நீ வாட்ஸாப்பில் "போர்வை என்ன ஆச்சு அண்ணி" என்று பலமுறை கேட்டும் நான் கை கூப்பின படத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அதில் நான் எழுதினால் என் கட்டைவிரல் எந்தக் குழுவுக்கு அனுப்பும் என்று எனக்கே தெரியாது. ஆடி மாதம் உன் அண்ணன் குறட்டையைப் பற்றி உனக்கு எழுதினது நம் தெருக் குடிநீர்க் குழுவுக்குப் போய்விட்டது. அதைப் படித்துவிட்டு ஒருத்தர் "அப்போ லாரி எத்தனை மணிக்கு?" என்று பதில் போட்டிருந்தார். அன்றோடு குடும்ப விஷயம் எல்லாம் தபாலில்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நீ இந்தப் பின்னல் செவ்வாயை ஆரம்பித்து வைத்துவிட்டுக் குன்னூர் போனபின், கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்மேல் விழுந்தது. நவராத்திரியில் அம்மன் கோயிலில் ஒரு பெரியவர் பேசினார். நமக்கு நல்லது செய்தவர்களுக்கு மனசுக்குள் நன்றி சொன்னால் போதாது, வாய் திறந்து அவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும், அப்படிச் சொல்கிற இடத்தில் அம்பாள் வந்து உட்காருவாள் என்றார். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அடுத்த செவ்வாயே ஒரு சட்டம் போட்டேன். ஊசியைத் தொடும் முன் ஒவ்வொருவரும் அங்கே இருக்கிற ஒருவருக்குக் காரணத்தோடு நன்றி சொல்ல வேண்டும், சொல்லாதவர்களுக்குச் சுண்டல் கிடையாது. முதல் வாரம் அமிர்தமாகப் போயிற்று. அமல்ராஜ் சார், அவர் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது மைதிலி ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடவே உட்கார்ந்திருந்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் துடைத்துக்கொண்டோம். நான் அம்பாளுக்கு ஒரு பாய்கூட விரித்து வைத்தேன். இரண்டாம் வாரம் சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்றாம் வாரம், அதாவது மேலே சொன்ன அந்தச் செவ்வாயன்று, வந்த நன்றிகளை நீயே பார். கெங்கம்மாள் அமல்ராஜ் சாரைப் பார்த்து, "போன வாரம் நீ வராம இருந்தியே சார், அதுக்கு நன்றி, ஃபேன் காத்து மொத்தமும் எனக்கே வந்துச்சி" என்றாள். அவர் விடவில்லை. "ஈஸ்டருக்கு வாங்கின ஊசிய கிறிஸ்மஸுக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்த கெங்கம்மாவுக்கு என் நன்றி" என்றார். உன் அண்ணனின் முதல் சிரிப்பு அதற்குத்தான். சுண்டலுக்கு மட்டும் ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது மோகனப்பிரியாவின் முறை வந்தது. பாவம், சின்னப் பெண், அதற்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள்: "நான் கெங்கம்மா ஆன்ட்டிக்கு நன்றி சொல்றேன். மைதிலி ஆன்ட்டி தண்ணி குடிக்க உள்ள போறப்பல்லாம், அவங்க ஊசிலேருந்து நழுவவிட்ட நூல் கண்ணிய எல்லாம் கெங்கம்மா ஆன்ட்டி எடுத்துப் போட்டு வெச்சிருவாங்க. ஒரு நாள்கூட சொல்லிக்காட்டினதே இல்ல. எவ்ளோ பெரிய மனசு பாருங்க."

ஜெயா, உனக்குத் தெரியும். மைதிலிக்கு நகை, புடவை எதிலும் பெருமை கிடையாது. ஒரே ஒரு பெருமைதான். "என் கையில கண்ணி நழுவினதே இல்ல" என்பாள். வாரத்துக்கு ஒரு தரம் சொல்லுவாள், நாமும் தலையாட்டுவோம். ஊசியை மெதுவாக மடியில் வைத்துவிட்டுக் கெங்கம்மாளைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

"இன்னாமே இது, ஒண்ணோ ரெண்டோ. எல்லாருக்கும் உழறதுதான."

"எனக்கு உழாது."

"உழாதுதான். உழுந்தத மட்டுந்தான் எடுத்தேன்."

உன் அண்ணனின் இரண்டாவது சிரிப்பு சரியாக இந்த இடத்தில் வந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் விஷயம் காபியோடு போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். மைதிலி நூல் பந்தைச் சுற்றினாள், பையில் போட்டாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். சுண்டலைத் தொடவில்லை.

இதில் போர்வை எங்கே வந்தது என்று கேட்பாய். மைதிலி மகள் கவிப்பிரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்று உனக்குச் சொன்னதும் நீ குன்னூரிலிருந்து அசல் ஆட்டு ரோமக் கம்பளி நூல், இளம் மஞ்சளில், பெட்டி நிறைய அனுப்பினாய் அல்லவா. மெட்ராஸில் பிறக்கிற பிள்ளைக்குக் கம்பளிப் போர்வை எதற்கு என்று உன் அண்ணன் கேட்டார். கவிப்பிரியா வீட்டுக்காரர் ஏசியை வைக்கிற குளிரில் சட்னியே கெடாது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். ஆனால் பிறக்கிறதுக்கு முன்னால் பிள்ளைக்கென்று எதையும் வாங்கவோ தைக்கவோ கூடாது என்பது நம் வழக்கம். அதற்குக் கெங்கம்மாள்தான் வழி சொன்னாள். கட்டம் கட்டமாகத் தனித்தனியாகப் பின்னி வைப்போம், தனியாக இருக்கிற வரை அது வெறும் துண்டு, போர்வை இல்லை, பிள்ளை பிறந்த பிறகு சேர்த்துத் தைத்தால் தெய்வகுற்றம் வராது என்றாள். நான் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தேன், உத்தரவு கிடைத்தது. ஆக, மொத்தம் ஒன்பது கட்டம். எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு இரண்டு, நடுக்கட்டம் மட்டும் பெண்ணைப் பெற்ற மைதிலிக்கு. கட்டத்துக்கு இவ்வளவு என்று நூலைச் சமையலறைத் தராசில் நிறுத்துச் சமமாகப் பிரித்துக் கொடுத்தேன். நடுக்கட்டத்துக்கான நூல் பந்துதான் அன்றைக்கு மைதிலி பையோடு எழுந்து போனது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு அம்மனுக்குத்தான் தெரியும். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. குமணன்சாவடி மார்க்கெட்டுக்கு ஒருத்தி இல்லாமல் ஒருத்தி போனதில்லை. இப்போது பின்னலுக்கு வருவதைத் தவிர கெங்கம்மாள் வெளியிலேயே கிளம்புவதில்லை. தனியாக இருக்கிறவள், வாய் ஓயாமல் பேசுகிறவள், செவ்வாய்க்கிழமை வந்து ஊசியை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கவிப்பிரியாவுக்கு கால் வீங்கிக் கீதாம், பார்லி தண்ணி குடுக்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாத" என்பாள். நான் போய்ச் சொன்னால் மைதிலி, "அவளுக்கு சக்கர மாத்திர தீந்திருக்கும், வாங்கித் தர ஆள் இல்ல, நான் சொன்னேன்னு சொல்லாத" என்பாள். மழையில் தெருவெல்லாம் ஏரித் தண்ணீர். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் "நான் சொன்னேன்னு சொல்லாத"வைச் சுமந்துகொண்டு நடந்தேன். சமாதானம் பேசலாம் என்று ஒருநாள் மைதிலி வீட்டில் உட்கார்ந்தேன். "எனக்கு யார் மேலயும் கோவம் இல்லக்கா" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நடுக்கட்டம் நாலு தரம் போட்டுப் பிரிச்சிட்டேன். இத்தினி வருசமா நான் பின்னினதுல எது என் கண்ணி, எது அவ கண்ணின்னே தெரியலக்கா. என் கைய நானே நம்ப முடியல. என் பேரப்புள்ளைக்கு ஓட்ட உழுந்த துணியப் போத்தச் சொல்றியா?" என்றாள். நன்றி சொல்லச் சொல்லிச் சட்டம் போட்ட வாயால் அதற்கு என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

இப்படியிருக்க, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே கவிப்பிரியாவுக்கு வலி எடுத்து, கொட்டுகிற மழையில் குமணன்சாவடிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், சுகப்பிரசவம், பெண் குழந்தை. செய்தி வந்ததும் நாலு பேரும் நம் வீட்டில் கூடினோம். போர்வையைச் சேர்த்தாக வேண்டும், நடுக்கட்டம் இல்லை. அமல்ராஜ் சார், "சுத்தி இருக்கறத இழுத்துப் புடிச்சி தெச்சிட்டா ஓட்ட மூடிக்கும்மா" என்றார். மோகனப்பிரியா, "நானே ஒண்ணு சீக்கிரமா போட்டுர்றேன் ஆன்ட்டி" என்று ஊசியை எடுத்தாள். கெங்கம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். "அது பெத்தவ கட்டம். அத்த யாருனா தொட்டீங்க, அந்த ஊசியாலயே குத்துவேன்." ஆகவே நடுவில் ஓட்டையை அப்படியே விட்டுச் சுற்றிலும் எட்டு கட்டத்தைச் சேர்த்தோம். அதிலும் ஒரு சோதனை. அமல்ராஜ் சார் நட்டு போல்ட்டு முறுக்கின கை, அவர் கட்டம் இரண்டும் இறுகிச் சுருங்கியிருந்தது. மோகனப்பிரியா கட்டம் இரண்டும் கொசுவலை மாதிரி தொளதொளவென்று ஒரு விரல் பெரிதாக இருந்தது. சேர்த்து விரித்தால் போர்வை தரையில் படியாமல் ஆப்பச்சட்டி மாதிரி குழிந்து நின்றது. உன் அண்ணன் அதைத் தூக்கி ஓட்டைக்குள் தலையை விட்டு, "எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே" என்று கண்ணாடி முன் போய் நின்றார். இந்த வீட்டில் பின்னலுக்கென்று ஒரு துரும்பைக்கூட இதுவரை நகர்த்தாத மனுஷன் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன்.

கெங்கம்மாள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். அப்புறம் ஆட்டோவில் எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாமாம். நர்ஸ் எங்களைப் பார்த்து, "நீங்கள்ளாம் யாரு?" என்றாள். அமல்ராஜ் சார் தயங்காமல், "குடும்பம்மா" என்றார். அவர் கழுத்துச் சிலுவையையும் என் நெற்றிக் குங்குமத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வழியை விட்டது.

உள்ளே கவிப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள். மைதிலி மடியில் குழந்தை. நான் போர்வையை விரித்துக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டையைத் தவிர வேறு எதையும் யாரும் பார்க்கவில்லை. மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள். நான் மனசுக்குள் அம்மன் போற்றி சொல்ல ஆரம்பித்தேன்.

கெங்கம்மாள்தான் முன்னால் போனாள். "தோ பாரு மைதிலி. ஸ்டாண்டுல நின்னுகினு எந்த பஸ்ஸு எந்த ஊருக்குப் போவுதுன்னு எனக்கு யாரு படிச்சி சொல்றது? மாத்திர அட்டைல காலையிலயா ராவுலயான்னு யாரு பாத்து சொல்றது? நீதான். எனக்கு எயுத்து தெரியாது. இத்தினி வருசத்துல ஒருத்தர்கிட்டயாச்சும் நீ அத்த சொல்லிக் கீறியா? நான் பேப்பர தலகீயா புடிச்சிகினு உக்காந்தா, போற போக்குல திருப்பி வெச்சிட்டுப் போவ. அதுக்கு நான் கோச்சிகினு ஊட்டுக்குள்ள பூந்துகினனா?"

எங்களுக்கு ஒன்றும் புரியாத மாதிரி நாங்கள் மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். ஃபோனில் பின்னல் மாதிரியை எழுதி அனுப்பினால், "எயுத்து இன்னாத்துக்கு, படத்தக் காட்டு" என்று கெங்கம்மாள் சொல்வதை இத்தனை நாளும் கர்வம் என்றுதான் நினைத்திருந்தோம்.

மைதிலி நிமிர்ந்தாள். "அத ஏன் இப்ப எல்லார் முன்னாலயும் சொல்ற?"

"உன்னுது எல்லார் முன்னாலயும் பூட்ச்சே. என்னுதும் போவட்டும்."

மைதிலி சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே முந்தானையால் துடைத்துக்கொண்டாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். உள்ளே ஊசியில் ஏறின பாதி நடுக்கட்டம். பிரசவ அறைக்கு வெளியே சும்மா இருக்க முடியாமல் மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். "நான் போட்டா நழுவுது கெங்கம்மா. பயத்துல இன்னும் நழுவுது."

"நழுவட்டும். நான் இன்னாத்துக்குக் கீறேன்? நவுந்து உக்காரு."

ஆஸ்பத்திரி ஜன்னல் ஓரம் இரண்டு பேரும் ஒரே ஸ்டூலில் பாதிப் பாதி உட்கார்ந்தார்கள். மைதிலி பின்னினாள், கெங்கம்மாள் பார்த்தாள். நடுவில் ஒன்று நழுவியது. மைதிலியே ஊசியை நீட்டினாள், எங்கள் எதிரிலேயே. கெங்கம்மாள் எடுத்துப் போட்டுக் கொடுத்தாள். கவிப்பிரியாவை வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒன்பதாவது கட்டமும் சேர்ந்துவிட்டது. ஆப்பச்சட்டி ஆப்பச்சட்டியாகவே இருந்தாலும் குழந்தைக்கு அது தொட்டில் மாதிரி வாகாக இருக்கிறது என்று அமல்ராஜ் சார் சொன்னார். சுருங்கின கட்டம் அவருடையது, அப்படித்தான் சொல்லுவார். அதோடு மோகனப்பிரியா தினமும் சாயங்காலம் கெங்கம்மாள் வீட்டுக்குப் போகிறாள். பஸ் போர்டு படிக்கிற அளவுக்காவது எழுத்துச் சொல்லித்தர அவளும், கொசுவலை இல்லாமல் பின்னச் சொல்லித்தர இவளும் என்று ஏற்பாடு.

நான் என் சட்டத்தை ரத்து செய்துவிட்டேன் ஜெயா. இனிமேல் நம் வீட்டுக் கூடத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக, கண்ணி நழுவினால் "நழுவிச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் செவ்வாயே கூடம் முழுக்க "நழுவிச்சு, நழுவிச்சு" என்று ஒரே சத்தம். இத்தனை காலமும் எல்லாருக்கும் நழுவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நாம்தான் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தோம். அம்பாளுக்கு விரித்த பாயை மட்டும் இன்னும் சுருட்டவில்லை.

போர்வையைச் சுற்றி ஒரு கரை போடுவதற்காக மைதிலி நேற்று என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெயர் சூட்டுகிறார்கள், அன்றைக்குப் போர்த்த வேண்டும். நீ அனுப்பிய நூல் இத்தனை பேரையும் கட்டிப்போட்டிருக்கிறது. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் அம்மன் நீண்ட ஆயுளும், குளிர் தாங்குகிற உடம்பும் கொடுக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மிச்சத்தை நேரில்.

இப்படிக்கு,
உன் அண்ணி
பூங்காவனம்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் உன் அண்ணன், தான் ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை என்று நான் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த துணியாயிற்றே, கிருமி இருக்குமே என்று போர்வையை வாஷிங் மெஷினில் போட்டுக் கொதிக்கிற வெந்நீரைத் திருப்பிவிட்டார். ஆட்டு ரோமம் வெந்நீரில் சுருங்கி, வெளியே வந்தது சாமிப் பலகையில் விரிக்கிற அளவு. கனம், யானை மேல் போடுகிற துணி மாதிரி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், எட்டு கட்டமும் நடுக்கட்டமும் இப்போதுதான் ஒரே அளவாக இருக்கின்றன. மைதிலியும் கெங்கம்மாளும் ஒரே குடையில் வந்து பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் கெங்கம்மாள், என் சட்டத்தையும் மீறி, உன் அண்ணன் பக்கம் திரும்பி, "பரந்தாமண்ணனுக்கு நன்றி, மறுபடி மொதல்லருந்து ஒண்ணா உக்கார வெச்சதுக்கு" என்றாள். மைதிலி சிரித்து ஸ்டூலிலிருந்து விழப்போனாள். ஆனாலும் இருவரும் உன் அண்ணனோடு பேசுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குத் துண்டுதான். அடுத்த போர்வைக்கு எல்லாரும் ஊசியோடு தயாராக உட்கார்ந்திருக்கிறோம். அதே இளம் மஞ்சள் நூல் அங்கே இன்னும் கிடைக்குமா, கிடைத்தால் எப்போது அனுப்புவாய் என்று சீக்கிரம் பதில் போடு.